பெஸ்ட்மால்ஸ் ரெட் எக்ஸ்: வீட்டில் காய்ச்சும் பீர் உண்மையிலேயே சிவக்கிறதா?

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரைச் சேர்ந்த பெஸ்ட்மால்ஸ் நிறுவனத்தின் ரெட் எக்ஸ், சாயமோ பழச்சாறோ இல்லாமல் தானியத்தை மட்டும் வைத்தே பீரைச் சிவக்க வைக்கும் என்று சொல்லி விற்கப்படும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி). சொல்வது உண்மைதான். சரியாகக் காய்ச்சினால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கும் கிளாஸில் மாதுளை முத்தின் நிறம் தெரியும். ஆனால் மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் மட்டும் அது நடந்துவிடாது. தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் கரைசலில் சர்க்கரை எவ்வளவு என்பதன் அளவு; வெறும் தண்ணீர் 1.000) சற்றுத் தவறினாலும், பீர் தெளியாமல் நின்றாலும், கிடைப்பது ஆரஞ்சாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். இந்த மால்ட்டைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

முதலில் நிறக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பீரின் நிறத்தை 1 செ.மீ. தடிமனுள்ள கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, 430 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவை 25 ஆல் பெருக்கினால் ஐரோப்பிய நிற அளவான ஈ.பி.சி.; 12.7 ஆல் பெருக்கினால் அமெரிக்கர்கள் சொல்லும் எஸ்.ஆர்.எம். ஆக, ஒரு எஸ்.ஆர்.எம். ஏறத்தாழ 2 ஈ.பி.சி. இதில் கவனிக்க வேண்டியது, 430 நானோமீட்டர் என்பது நீலமும் ஊதாவும் சந்திக்கும் இடம். சிவப்பு ஒளி எவ்வளவு ஊடுருவி வருகிறது என்பதைப் பற்றி இந்த அளவு ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் இரண்டு பீர்களுக்கும் 26 ஈ.பி.சி. என்று ஒரே எண் வந்தாலும், ஒன்று மாணிக்கமாகவும் மற்றது செம்மண் தண்ணீராகவும் இருக்க முடிகிறது. காய்ச்சல் கணக்குச் செயலி காட்டும் நிறக் கட்டத்தை நம்பி மால்ட் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது தடிமன். காப்பி டிக்காஷன் பாத்திரத்தில் கறுப்பாகத் தெரியும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டால் செம்பழுப்பு. பீரும் அப்படியே. குழாயில் எடுத்த சாம்பிளில் ஆரஞ்சாக இருப்பது, 7 செ.மீ. அகலக் கிளாஸில் சிவப்பாகும். பெரிய கைப்பிடி மக்கில் பழுப்பாகிவிடும். சாதாரண கிளாஸில் சிவப்பு தெரியும் பட்டை, கண் கணக்கில் 24 முதல் 30 ஈ.பி.சி. வரை. அதற்குக் கீழே செம்பு, ஆம்பர். 33ஐத் தாண்டினால் பழுப்பு. ஐரிஷ் ரெட் ஏல் (ஏல் என்பது மிதமான சூட்டில் நொதிக்கும் பீர்) வகைக்குப் பீர்ப் போட்டி விதிமுறைகள் தரும் 9 முதல் 14 எஸ்.ஆர்.எம். என்ற வரம்பின் மேல்முனையில்தான் சிவப்பு தொடங்குகிறது. கீழ்முனையில் காய்ச்சினால் அது விதிப்படி சரியான ஐரிஷ் ரெட்; கண்ணுக்கு ஆம்பர்.

இந்தப் பட்டைக்குள் வந்து விழும்படிதான் ரெட் எக்ஸ் தயாராகிறது. மால்ட்டின் நிறம் ஏறத்தாழ 30 ஈ.பி.சி. கிரிஸ்டல் மால்ட் போல உமிக்குள்ளேயே சர்க்கரையாகி வறுபட்டதல்ல. மியூனிக் மால்ட்டின் வழியில், அதைவிடச் சற்று ஆழமாகச் சூளையில் காய்ந்தது. தன் மாவைத் தானே சர்க்கரையாக்கும் நொதி இதில் மிச்சம் இருக்கிறது. அதனால் 100 சதவீதம் இதையே போட்டும் காய்ச்சலாம்.

20 லிட்டருக்கு முழுக்க ரெட் எக்ஸில் ஒரு கணக்கு: 4.6 கிலோ மால்ட், 72 சதவீதத் திறன் (மால்ட்டின் சர்க்கரையில் கைக்கு வரும் பங்கு) என்றால் தொடக்க அடர்த்தி 1.051 வரும், அதாவது 12.6 பிளேட்டோ (எடையில் சர்க்கரை சதவீதம்). நிறம் 25 ஈ.பி.சி. இந்த இடம்தான் ரெட் எக்ஸின் இடம். இதே மால்ட்டில் 1.040க்குக் காய்ச்சினால் 21 ஈ.பி.சி.; செம்பு நிறம். 1.065க்குப் போனால் 29ஐத் தாண்டி, அகலக் கிளாஸில் பழுப்பு தட்டத் தொடங்கும். லேசான பீர் வேண்டும் என்பவரும், கனமான பீர் வேண்டும் என்பவரும் முழு ரெட் எக்ஸை நம்பி இறங்கக் கூடாது. பையில் ‘100 சதவீதம் வரை’ என்று போட்டிருப்பதைப் பார்க்கிறவர்கள், அது எந்த அடர்த்திக்குப் பொருந்தும் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

செய்முறையில் தனி வித்தை எதுவும் இல்லை. 71 டிகிரி செல்சியஸில் 13.8 லிட்டர் தண்ணீர், அதில் 4.6 கிலோ அரைத்த மால்ட். மாஷ் (மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கூழ்) 65 டிகிரிக்கு வந்து நிற்கும். 75 நிமிடம் விடவும். வெளிர் ரகமான பில்ஸ்னர் மால்ட் 40 நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு இது கூடுதல் நேரம் எடுக்கும், நொதி குறைவு. 60 நிமிடத்தில் ஒரு சொட்டு வோர்ட்டை (மாஷிலிருந்து வடியும் இனிப்புச் சாறு) வெள்ளைப் பீங்கானில் விட்டு அயோடின் சோதனை செய்து பாருங்கள். நீலக்கறுப்பு தெரிந்தால் மாவு இன்னும் மிச்சம். அவசரப்பட்டு வடித்தால் அந்த மாவே பின்னால் பீரைக் கலங்கலாக்கி நிறத்தைக் கெடுக்கும். வடித்தபின் 76 டிகிரியில் 16 லிட்டர் ஸ்பார்ஜ், அதாவது தானியத்தை வெந்நீரால் கழுவுவது. 25 லிட்டர் வோர்ட் கிடைக்கும், ஒரு மணி நேரக் கொதியில் 20 லிட்டருக்கு வரும். 4 சதவீத ஆல்ஃபா (கசப்பு தரும் அமிலம்) உள்ள ஹாலர்டாவ் ஹாப்ஸ் பூ 50 கிராம், 60 நிமிடம் கொதித்தால் கசப்பு சுமார் 23 ஐ.பி.யு. மால்ட் இனிப்பைத் தாங்க அது போதும். மாஷ் 67, 68 என்று ஏறவிடாதீர்கள். முழு ரெட் எக்ஸ் பீர் வாயில் ஏற்கெனவே கனம். மேலும் இரண்டு டிகிரி ஏறினால் இரண்டாவது கிளாஸ் இறங்காது.

சுவைக்கு வருவோம். ரொட்டி மேலோட்டின் வாசனை, வறுத்த கொட்டையின் சாயல், லேசான இனிப்பு. நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஒற்றைச் சுவை. முழு ரெட் எக்ஸில் காய்ச்சிய பீரில் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் வித்தியாசம் இருப்பதில்லை. நிறத்துக்கு முழு மதிப்பெண் தரலாம்; சுவைக்கு அப்படித் தர முடியாது.

அதனால் இந்த மால்ட்டைப் பாதியாகப் போடுவதே புத்திசாலித்தனம். ஆனால் பாதியாக்கினால் நிறமும் இறங்கும்: 2.3 கிலோ ரெட் எக்ஸ், 2.3 கிலோ பில்ஸ்னர் என்றால் 17 ஈ.பி.சி.தான், தேன் நிறம். இறங்கிய நிறத்தை ஏற்ற 60 கிராம் வெய்யர்மான் கராஃபா ஸ்பெஷல் 2 சேர்த்தால் மறுபடி 26க்கு வந்துவிடும். கராஃபா ஸ்பெஷல் உமி நீக்கி வறுத்த மால்ட். 1,100க்கு மேல் ஈ.பி.சி. இருந்தும் கரிந்த கசப்பை அதிகம் விடாது. 60 கிராமில் அதன் சுவை தெரிவதே இல்லை. ரெட் எக்ஸ் செம்மையைத் தர, இது ஆழத்தைத் தருகிறது. விலையும் குறைகிறது, பீரும் வறண்டு இறங்குகிறது, அமெரிக்க ஹாப்ஸோ ஜெர்மன் ஹாப்ஸோ எதுவானாலும் எடுபட இடம் கிடைக்கிறது. ரெட் எக்ஸ் வாங்கியவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இந்தக் கலவைதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏல் காய்ச்சுபவருக்கு ரெட் எக்ஸ் தேவையே இல்லை. 80 கிராம் ரோஸ்டட் பார்லி அதே வேலையைச் செய்யும்.

ரோஸ்டட் பார்லி முளைக்க வைக்காத பார்லியை வறுப்பது, 1,300 ஈ.பி.சி. வாக்கில் நிறம். கறுப்புப் பீரான ஸ்டவுட்டுக்குக் கால் கிலோ, அரை கிலோ என்று போகும் அதே சரக்கு, துளியாகப் போடும்போது சிவப்பைத் தருகிறது. ஐரிஷ் ரெட் ஏலின் நிறத்துக்குக் காரணம் இதுவே. 20 லிட்டருக்கு மாரிஸ் ஆட்டர் (வெளிர் ஆங்கில மால்ட்) 3.65 கிலோ, 150 ஈ.பி.சி. கிரிஸ்டல் 200 கிராம், ரோஸ்டட் பார்லி 80 கிராம். தொடக்க அடர்த்தி 1.044 சுற்று, நிறம் 27 ஈ.பி.சி. இதில் முக்கியம் 80 என்ற எண். கண்ணளவில் ஒரு கைப்பிடி கூடிப் போட்டு 150 கிராம் ஆகிவிட்டால் 37 ஈ.பி.சி.; பீர் பழுப்பு, நாக்கில் காப்பி. சமையலறைத் தராசில் நிறுத்தே போட வேண்டும். 4 கிலோ மால்ட்டில் 20 கிராம் பிசகினால் யாருக்கும் தெரியாது; இதில் 20 கிராம் பிசகினால் பீரின் பெயரே மாறும்.

கரிந்த சுவை கொஞ்சமும் வேண்டாம் என்பவர்கள் ரோஸ்டட் பார்லியை மாஷின் தொடக்கத்தில் போடாமல், கடைசி 15 நிமிடத்தில் மேலே தூவிக் கிளறலாம். இதில் சர்க்கரையாக வேண்டிய வேலை எதுவும் பெரிதாக இல்லை. நிறம் வெந்நீரில் உடனே இறங்கும், கசப்பு குறைவாக வரும். நன்றாகப் பொடித்துப் போட்டால் நிறம் முழுதாக இறங்கும். மால்ட் எக்ஸ்ட்ராக்டில் (சுண்டவைத்து விற்கும் மால்ட் சாறு) காய்ச்சுபவர்களுக்கும் இதே வழி: 80 கிராமைத் துணிப்பையில் கட்டி, 68 டிகிரி நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் எடுத்துவிடவும். ரெட் எக்ஸை இப்படி வெறுமனே ஊறவைத்து எடுக்க முடியாது. அதில் மாவு இருக்கிறது. 65 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடு இறங்காமல் பிடித்து முறைப்படி மாஷ் செய்தே ஆக வேண்டும். வெறும் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவோடு காய்ச்சுபவர்கள் ரெட் எக்ஸ் வாங்குவது வீண்செலவு. இன்னொரு எச்சரிக்கை: நாள்பட்ட திரவ எக்ஸ்ட்ராக்ட் டப்பாவுக்குள்ளேயே கறுத்துப் பழுப்பேறிவிடும், அதன்மேல் எதைச் சேர்த்தாலும் சிவப்பு வராது. தூள் எக்ஸ்ட்ராக்டில், அதுவும் மிக வெளிர் ரகத்தில் தொடங்குங்கள்.

பாம்பர்க்கின் வெய்யர்மான் விற்கும் காராரெட் பெயரைப் பார்த்து வாங்கப்படும் இன்னொரு சரக்கு. 40 முதல் 60 ஈ.பி.சி. உள்ள கேரமல் மால்ட். பத்து சதவீதம் போட்டு பில்ஸ்னரோடு கலந்தால் கிடைப்பது 11 ஈ.பி.சி., பொன்னிறம். நிறுவனம் சொல்லும் உச்ச அளவான 25 சதவீதத்துக்குப் போனாலும் 16தான். சிவப்பு எங்கே வரும்? காராரெட் நல்ல மால்ட், உடலும் நுரையும் தரும். ஆனால் தனியாக அது சிவக்க வைக்காது. ஏற்கெனவே 20 ஈ.பி.சி.யில் நிற்கும் பீரைச் சற்றே செம்மைப்படுத்தத்தான் உதவும். அதே நிறுவனத்தின் காராஅரோமா, 300க்கு மேல் ஈ.பி.சி. உள்ள கறுத்த கிரிஸ்டல், இந்த வேலைக்கு எவ்வளவோ மேல். 5 சதவீதமே போதும். உலர்திராட்சை வாசனை கூடவே வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீர் காய்ச்சி முடிந்து பார்த்தால் ஆரஞ்சாக நிற்கிறது, என்ன செய்வது? இதற்குத்தான் சினமார். வெய்யர்மான் நிறுவனம் வறுத்த மால்ட்டிலிருந்தே காய்ச்சி எடுக்கும் கறுப்புத் திரவம். 8,000க்கு மேல் ஈ.பி.சி. செயற்கைக் கேரமல் சாயம் இல்லை. 20 லிட்டரில் ஒரு ஈ.பி.சி. ஏற்ற 2.4 மி.லி. வேண்டும். 21ல் நிற்பதை 26க்குக் கொண்டுவர 12 மி.லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பாட்டிலில் அடைக்கும் நாளில் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துக் கொதிக்கவைத்து விடலாம். பாட்டில் சிறியதாக இருந்தாலும் பல முறைக்கு வரும். திறந்தபின் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், பூசணம் பிடிக்கும்.

இனி, நிறம் சரியாக வந்தும் சிவப்பு தெரியாமல் போகும் கதை. ஈஸ்ட்டும் புரதமும் மிதக்கும் பீரில் ஒளி நேராக ஊடுருவாது, சிதறித் திரும்பும். சிதறிய ஒளியில் சிவப்பு மங்கி, களிமண் கலந்த ஆரஞ்சாகத் தெரிகிறது. எந்த மால்ட் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஃபெர்மென்டரில் (நொதிக்கும் பாத்திரத்தில்) பார்த்து மனம் நொந்து மால்ட்டைத் திட்டுபவர்கள் இரண்டு வாரம் பொறுத்தால், அதே பீர் அடியில் ஈஸ்ட்டைப் படியவிட்டு மேலே மாணிக்கமாக நிற்பதைப் பார்ப்பார்கள். கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது பீரைத் தெளியவைக்கும் விர்ல்ஃப்ளாக் அரை மாத்திரை போடுங்கள்; அது கடற்பாசியிலிருந்து எடுப்பது, சைவர்களுக்கும் தடையில்லை. கொதித்ததும் விரைவாகக் குளிரவைப்பது முக்கியம், மெதுவாக ஆறிய வோர்ட்டில் குளிர்க்கலங்கல் (குளிர்ந்ததும் புரதத்தால் வரும் மங்கல்) அதிகம். நொதித்து முடிந்தபின் பீரை 1, 2 டிகிரிக்கு இறக்கி மூன்று நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அவசரமென்றால் ஜெலட்டின்: 20 லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி, 60 மி.லி. தண்ணீரில் கலந்து 65 டிகிரி வரை சூடாக்கி, கொதிக்க விடாமல், குளிர்ந்த பீரில் ஊற்ற வேண்டும். இரண்டு நாளில் கண்ணாடி. இது மாட்டெலும்பிலோ பன்றித் தோலிலோ எடுப்பது என்பதால் விருந்துக்கு வருபவர்களிடம் சொல்லிவிடுவது மரியாதை. சிவப்புப் பீருக்கு ஈஸ்ட் தேர்ந்தெடுக்கும்போதும் இறுகிப் படியும் ரகத்தைப் பாருங்கள்: ஆங்கில ஏல் ஈஸ்ட் எஸ்-04 நன்றாகப் படியும், குளிரில் நொதிக்கும் லாகருக்கு டபிள்யூ-34/70. கோதுமைப் பீர் ஈஸ்ட்டில் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள்.

சிவப்பின் இன்னொரு எதிரி காற்று. ஆக்சிஜன் பட்ட பீர் வாரக்கணக்கில் மெல்லப் பழுப்பேறும். கூடவே நனைந்த அட்டைப்பெட்டி வாடை. பாட்டிலில் மாற்றும்போது குழாயை அடிவரை இறக்கி, சலசலக்காமல் நிரப்புங்கள். மூடிக்குக் கீழே 2, 3 செ.மீ. இடம் போதும். பாட்டிலில் நுரைக்க லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. வேனிற்காலத்தில் மேசைமேல் வைத்த பாட்டிலும் குளிரில் வைத்த பாட்டிலும் மூன்று மாதத்தில் இரண்டு வேறு நிறமாகிவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி: லண்டன் போல சுண்ணாம்பு மிகுந்த குழாய்த் தண்ணீர் உள்ள ஊர்களில் மாஷின் பி.எச். ஏறி, உமியின் துவர்ப்பும் தேவையற்ற கறுப்பும் இறங்கும். ஆறிய சாம்பிளில் 5.3 முதல் 5.4 இருக்கட்டும், லாக்டிக் அமிலத்தை ஒவ்வொரு மி.லி.யாக விட்டு அளந்து கொண்டுவாருங்கள்.

தானியத்தை விட்டு வேறு இயற்கைச் சிவப்புகளும் இருக்கின்றன. உலர்ந்த ரோசெல் பூ, அதாவது சிவப்புப் புளிச்சையின் புல்லிவட்டம், வெளிர் பீரை அழகான இளஞ்சிவப்பாக்கும். 20 லிட்டருக்கு 40 முதல் 60 கிராம். அதன் நிறமி ஆந்தோசயனின். புளிப்பு அதிகமானால் சிவக்கும், குறைந்தால் மங்கும். அதனால் புளிப்புப் பீர்களில் அற்புதம், மால்ட் பீரில் சுமார். ஆம்பர் பீரில் போட்டால் செங்கல் நிறம். கொதியில் போட்டால் நொதிக்கும்போது ஈஸ்ட் நிறத்தில் ஒரு பங்கை ஒட்டி எடுத்துப் போய்விடும். நொதித்து முடிந்தபின் தனியே வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஆறவைத்துச் சேர்ப்பதே சரி. நுரையும் சிவக்கும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். பீட்ரூட்டைப் பரிந்துரைக்க மாட்டோம். பெட்டனின் நிறமி சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தாங்காது, மண்வாசனை மட்டும் மிஞ்சும்.

வாங்கும்போது கவனிக்க: ரெட் எக்ஸ் ஒவ்வொரு சூளைக்கும் ஓரிரு ஈ.பி.சி. மாறும். 25 கிலோ மூட்டை வாங்குபவர்கள் அந்தத் தொகுதியின் ஆய்வுத் தாளைக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் முறைக்கு 2.5 கிலோ போதும், பாதிக் கலவைக்கு அதுவே கணக்கு. அரைக்காமல் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். கடையில் அரைத்து வாங்கினால் இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சிவிட வேண்டும். ஈரம் ஏறிய மால்ட்டைக் கடித்தால் மொறுமொறுப்பு இருக்காது, அதைத் தொடாதீர்கள்.

எங்கே காய்ச்சலாம் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. பிரிட்டனில் 1963லிருந்து வீட்டுக் காய்ச்சலுக்கு உரிமம் தேவையில்லை; சிங்கப்பூரில் 2004லிருந்து வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்தத் தேவைக்கு அனுமதி, ஆக மேலே சொன்ன 20 லிட்டர்க் கணக்கு அப்படியே பொருந்தும். தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் தரவில்லை.

லாகர் காய்ச்சுபவரா, 1.050 சுற்றில் சிவப்பு வேண்டுமா, ரெட் எக்ஸ் வாங்குங்கள். கராஃபா ஸ்பெஷல் கால் கிலோவும் கூடவே வாங்கிவிடுங்கள். ஏல்தான் என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல மாரிஸ் ஆட்டரும், 100 கிராம் ரோஸ்டட் பார்லியும், ஒரு கிராம் வரை காட்டும் தராசும் வாங்கலாம்.